ஊரான் வீட்டு நெய்

மிக்ஸி கொடுத்தால் மக்கள் சோம்பேறிகளாகிவிடுவார்களாம். மின்விசிறி கொடுத்தால் கஜானா காலியாகிவிடுமாம். சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டல், உறையவைக்கும் ஏ.சி., மேடையில் ஒரு தொழில்முனைவோர். "இலவசத்தால் கெட்டது இந்த மாநிலம்" என்றார். கைதட்டல். "சும்மா கிடைக்கிற எதற்கும் மதிப்பு கிடையாது" என்றார். முன்னதைவிடப் பெரிய கைதட்டல். என் பக்கத்து நாற்காலியில் அவருடைய கம்பெனியிலேயே வேலை பார்க்கும் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். குனிந்து கேட்டேன்.

"தம்பி, உங்க சர்வர் எதுல ஓடுது?"

"லினக்ஸ்ண்ணே."

"டேட்டாபேஸ்?"

"போஸ்ட்கிரெஸ்."

"எழுதினது?"

"பைத்தான். முன்பக்கம் ரியாக்ட்."

"இதுக்கெல்லாம் மாசம் எவ்வளவு கட்டுறீங்க?"

பையன் என்னைக் கிறுக்கனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "அதெல்லாம் ஃப்ரீண்ணே!"

ஒரு கிழவிக்கு 2011-க்குப் பிறகு ஒரே ஒரு மிக்ஸி கிடைத்தது. அதில் அவள் சட்னி அரைத்தாள். இந்த மனிதருக்கு நாள்தோறும், நொடிதோறும், உலகத்தின் மிகச் சிறந்த மூளைகள் எழுதிய நிரல் வீடு தேடி வருகிறது. அதில் அவர் கோடிகளை அரைக்கிறார். கிழவி வாங்கினால் அது இலவசம், நாட்டுக்குக் கேடு. இவர் வாங்கினால் அது 'டெக் ஸ்டேக்'. 2022 ஜூலையில் பிரதமர் இலவசங்களை 'ரேவடி', அதாவது எள்ளுமிட்டாய், என்று பழித்தபோது சமூக ஊடகத்தில் முதல் ஆளாகக் கை தட்டியவர்களும் இந்த வகையறாதான். எள்ளுமிட்டாயைக் கண்டிக்கிறவர்கள் அண்டா அண்டாவாகப் பாயசம் குடித்துக்கொண்டிருந்ததை யாரும் கேட்கவில்லை.

ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று நம் கிழவிகள் சொல்லிவைத்திருக்கிறார்கள். மென்பொருள் தொழிலின் வரவு செலவை இதைவிடச் சுருக்கமாக எந்த ஆடிட்டரும் எழுத முடியாது.

இதில் ஆங்கிலம் பேசுகிறவனைக் கொஞ்சம் மன்னிக்கலாம். அவனுக்கு இருப்பது 'ஃப்ரீ' என்ற ஒரே சொல். விலை இல்லாததற்கும் அதுதான், விலங்கு இல்லாததற்கும் அதுதான். அதனால் மென்பொருளுக்குச் சுதந்திரம் கேட்ட ரிச்சர்ட் ஸ்டால்மன் பாவம், நாற்பது வருடமாக ஊர் ஊராகப் போய், "பேச்சுச் சுதந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், ஓசி பியரை நினைக்காதீர்கள்" என்று விளக்க வேண்டியிருந்தது. நமக்கு அந்தத் தலையெழுத்து கிடையாது. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று தமிழில் தனித்தனிச் சொல் இருக்கிறது. இருந்தும் முதலில் 'இலவச மென்பொருள்' என்றுதான் மொழிபெயர்த்தோம். பிறகு சிலர் தலையில் அடித்துக்கொண்டு 'கட்டற்ற மென்பொருள்' என்று திருத்தினார்கள். திருத்தியது அகராதியில் ஏறியது, மண்டையில் ஏறவில்லை. பியரை நினைக்காதே என்று சொன்னால் நம் ஆட்களுக்கு பியர் மட்டும்தான் நினைவில் நிற்கும் என்பது டாஸ்மாக் வாசலில் நிற்கிற யாருக்கும் தெரியும்.

ஸ்டால்மன் பணத்தை எதிர்த்தவரும் இல்லை. இதை அவருடைய எதிரிகளும் மறைத்தார்கள், பக்தர்களும் மறைத்தார்கள். கதை ஒரு பிரிண்டரில் தொடங்குகிறது. எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனியின் புது லேசர் பிரிண்டர் வந்தது. காகிதம் அடிக்கடி சிக்கும். பழைய பிரிண்டர் சிக்கினால் ஆளைக் கூப்பிடும்படி அவரே நிரலைத் திருத்தியிருந்தார். புதியதற்கு மூலநிரல் தரவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து ஆளிடம் போய்க் கேட்டார். "யாருக்கும் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்" என்று அவர் கைவிரித்துவிட்டார். அந்தக் கோபம் ஆறாமல் 1983 செப்டம்பரில் குனு என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தார். 1985-ல் ஈமாக்ஸ் நிரலை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றுத்தான் வயிறு கழுவினார். வித்துக்கோ, நல்லா வித்துக்கோ. வாங்கினவன் கையைக் கட்டாதே. அவருடைய உரிமத்தின் சாரம் இவ்வளவுதான். கத்திரிக்காய் விற்கிறவரிடம் இதைச் சொன்னால் "இதுல என்னங்க இருக்கு, வாங்கினவன் குழம்பு வைப்பானோ கூட்டு வைப்பானோ அவன் பாடு" என்று போய்விடுவார். சிலிக்கான் பள்ளத்தாக்கில் சொன்னால் கம்யூனிஸ்ட் என்றார்கள்.

மிகையாகச் சொல்லவில்லை. 2000-ல் மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் லினக்ஸில் கம்யூனிசத்தின் சாயல் இருப்பதாக முதலீட்டு ஆய்வாளர்களிடம் சொன்னார். மறு வருடம், அது தொட்டதையெல்லாம் பற்றிக்கொள்ளும் புற்றுநோய் என்றார். 2005-ல் பில் கேட்ஸ், அறிவுச்சொத்துச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்கிறவர்களை நவீன காலத்துக் கம்யூனிஸ்டுகள் என்றார். இவ்வளவும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் விண்டோஸோடு வந்த எஃப்.டி.பி. நிரலைத் திறந்து பார்த்தால் உள்ளே கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் காப்புரிமை வரி உட்கார்ந்திருந்தது. பொதுவில் கிடந்த பெர்க்லி நிரலை எடுத்துப் போட்டதன் தழும்பு அது. சட்டப்படி எடுத்தார்கள், குற்றமில்லை. சோறு போட்ட வீட்டைப் பார்த்து நோய் பிடித்த வீடு என்று சொன்னதுதான் நெஞ்சழுத்தம்.

பிறகு மனம் மாறியது. 2014-ல் அதே நிறுவனம் மேடையேறி லினக்ஸைக் காதலிக்கிறோம் என்றது. 2018-ல் கட்டற்ற நிரலாளர்கள் குடியிருந்த கிட்ஹப் என்ற ஊரையே 750 கோடி டாலருக்கு விலைபேசி வாங்கியது. மூன்றே வருடத்தில், அந்த ஊரில் எல்லோரும் எழுதி வைத்திருந்ததைப் படிக்கவைத்து ஒரு இயந்திரத்தை வளர்த்து, கோபைலட் என்று பெயர் வைத்து, அதற்கடுத்த வருடம் மாதம் 10 டாலருக்கு, எழுதினவர்களிடமே விற்க ஆரம்பித்தது. புற்றுநோய் பரவும் என்றார்களே, உண்மைதான். வாடகை கேட்கும் என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

கம்யூனிஸ்ட் என்று திட்டியபோது, கட்டற்ற மென்பொருள் எழுதிய எங்களில் பலருக்கு உள்ளூரக் குளிர்ந்தது. நானும் அதில் ஒருவன். ஏதோ உலகையே புரட்டிப் போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டோம். நடந்தது என்ன? உழைப்பு பொதுவுடைமை ஆனது. லாபம் தனியுடைமையாகவே இருந்தது. மார்க்ஸும் யோசித்திராத ஏற்பாடு. தொழிலாளி தன் சொந்தக் கணினியை வாங்கி, தன் வீட்டு மின்கட்டணத்தைக் கட்டி, பிள்ளை தூங்கிய பிறகு ராத்திரி பதினொன்றுக்கு உட்கார்ந்து உற்பத்தி செய்து, முதலாளியின் வாசலில் வைத்துவிட்டு, "பயன்படுத்திக்கொண்டதற்கு நன்றி" என்றும் எழுதிவைக்கிறான். கொத்தடிமைக்காவது முன்பணம் கொடுத்தார்கள்.

எதிர்ப்பக்கத்துச் சித்தாந்திகளையும் பார்த்துவிடுவோம். 1998 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் சிலர் கூடினார்கள். 'ஃப்ரீ' என்ற சொல்லும் அதன் அறநெறிப் பேச்சும் வியாபாரிகளை மிரட்டுகிறது என்று 'ஓப்பன் சோர்ஸ்' என்று பெயர் மாற்றினார்கள். அரசாங்கம் என்ற சொல்லே ஆகாத, துப்பாக்கிப் பிரியரான எரிக் ரேமண்ட் அதன் பிரசாரகர். சந்தைதான் எல்லாவற்றையும் சரிசெய்யும் என்பது அவர் வேதம். சந்தையும் உடனே அருள்பாலித்தது. அவர் இயக்குநராக இருந்த விஏ லினக்ஸ் 1999 டிசம்பர் 9-ல் பங்குச்சந்தைக்கு வந்தது. வெளியீட்டு விலை 30 டாலர், மாலையில் 239 டாலர். எதிர்பாராமல் பணக்காரனாகிவிட்டேன் என்று அவர் ஒரு கட்டுரையே எழுதினார். ஒரு வருடத்தில் பங்கு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. அதற்குக் கட்டுரை எழுதினாரா என்று எனக்கு நினைவில்லை.

ஆக, இடதுசாரிக்கு இது பொதுவுடைமையின் விடிவெள்ளி. வலதுசாரிக்கு இது தடையற்ற சந்தையின் வெற்றி. கேரளத்தில் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் கட்டற்ற மென்பொருளைக் கொடுத்தார்கள். 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-ல் அரசு நிறுவனமே கணக்குச் சொன்னது. வட கொரியாவும் அதே லினக்ஸை எடுத்து 'சிவப்பு நட்சத்திரம்' என்று பெயரிட்டு, யார் எந்தக் கோப்பை யாருக்குக் கொடுத்தார்கள் என்று தெரியும்படி ஆவணங்களிலும் படங்களிலும் ரகசிய முத்திரை குத்தியது. டொனால்ட் ட்ரம்பின் 'ட்ரூத் சோஷியல்' 2021 அக்டோபரில் வெள்ளோட்டம் விட்டபோது, ஒரு ஜெர்மானிய இளைஞர் தொடங்கிய மாஸ்டடான் நிரல்தான் உள்ளே இருந்தது. வெளியே "இது எங்கள் தனியுடைமை" என்ற பலகை. மாற்றியதைத் திருப்பிக் காட்டு என்பது அந்த உரிமத்தின் நிபந்தனை. முப்பது நாள் கெடு வைத்து எழுதிய பிறகுதான் மூலநிரலை ஒரு மூலையில் கொண்டுவந்து போட்டார்கள். திருட்டுத்தனமாக எல்லை தாண்டுகிறவர்களுக்கு எதிராக மதில் கட்டுவேன் என்று ஜெயித்த கட்சி!

தேசபக்தர்கள் மட்டும் இளைத்தவர்களா? 2023 ஜனவரியில் நம் சென்னையிலேயே, ஐ.ஐ.டி. வளாகத்தில், 'பார் ஓ.எஸ்.' என்ற சுதேசி இயங்குதளம் உதித்தது. மத்திய அமைச்சர்கள் இருவர் அதில் வீடியோ கால் பேசிப் பார்த்தார்கள். தொலைக்காட்சிகளில் தன்னிறைவு, தன்மானம், அந்நிய ஆதிக்கத்துக்கு மரண அடி. உள்ளே இருந்தது கூகுள் திறந்துவைத்த ஆண்ட்ராய்ட் மூலநிரல். மாவு கலிஃபோர்னியாவில் அரைத்தது, தோசைக்கு மட்டும் மூவண்ணச் சட்னி. அடுத்தவர் நிரலை எடுத்து மேலே கட்டுவது கௌரவமான வேலை, எல்லோரும் செய்வது, கட்டற்ற மென்பொருளின் நோக்கமே அதுதான். "இன்னாருடைய மாவு" என்று சொல்ல ஏன் நா கூசுகிறது? கல்யாண வீட்டில் கடைசி மொய்க்காரன் பெயரைக்கூட மைக்கில் வாசிக்கிற நாடு இது.

சரி, இவ்வளவு பேர் சொந்தம் கொண்டாடுகிறார்களே, சமைக்கிறவனுக்கு யார் அரிசி வாங்கிக் கொடுத்தார்கள்?

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டது. நீங்கள் வங்கியின் இணையதளத்துக்குள் நுழையும்போது பூட்டுப் படம் காட்டுகிறதே, அதன் பின்னால் உலகின் பெரும்பகுதிக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற ஒரே நிரல்தொகுப்பு. அதில் முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். உலகத்துப் பணமெல்லாம் போய்வருகிற கதவுக்கு ஒரு காவல்காரன், அவனுக்குச் சம்பளம் ஒரு கல்யாண மண்டபத்தின் பூ அலங்காரச் செலவு. ஓட்டை வெளிப்பட்டதும் எல்லாப் பெரிய நிறுவனங்களும் "ஐயோ, இது நமக்குத் தெரியாதே" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டன. தெரியாதாம். கம்பெனிப் பேனா ஒன்று தொலைந்தால் மூன்று படிவம் நிரப்பச் சொல்கிறவர்களுக்கு.

அதன் பிறகாவது பாடம் கற்றார்களா என்றால், எக்ஸ்இசட் கதையைச் சொல்ல வேண்டும். கோப்புகளைச் சுருக்கும் சிறு கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கிறது. ஃபின்லாந்தைச் சேர்ந்த ஒருவர் வருடக்கணக்காகத் தனியாளாகப் பராமரித்துவந்தார். 2022-ல் சிலர் அவரை நச்சரிக்க ஆரம்பித்தார்கள்: ஏன் தாமதம், ஏன் பதில் இல்லை, முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடு. அவர் பொறுமையாகப் பதில் எழுதினார். மனநலச் சிக்கலோடு நீண்ட நாளாகப் போராடிக்கொண்டிருக்கிறேன், இது சம்பளமில்லாமல் பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்பதையும் நினைவில் வையுங்கள் என்று. அந்தப் பதில் எல்லோரும் படிக்கும் இடத்தில்தான் கிடந்தது. கூகுள் படித்திருக்கலாம். அமேசான் படித்திருக்கலாம். ஒரு போன், ஒரு காசோலை, ஒரு ஆள்? ஒன்றும் வரவில்லை.

ஒரே ஒருவன் மட்டும் அதற்கு முன்பே வந்திருந்தான். ஜியா டான் என்று பெயர் சொன்னான். பணிவாகப் பேசினான், வேலையை வாங்கிச் செய்தான், இரண்டு வருடத்துக்கு மேல் சளைக்காமல் உதவினான், சாவியில் ஒன்றைக் கையில் வாங்கினான். 2024-ன் தொடக்கத்தில் அந்தச் சாவியால் உலகத்துச் சர்வர்களுக்கெல்லாம் போய்ச் சேரும்படி ஒரு கள்ளக்கதவு வைத்தான். அவன் யார், ஏதாவது நாட்டின் உளவாளியா என்பது இன்றுவரை வெளிச்சத்துக்கு வரவில்லை. கோடி கோடியாகச் சம்பாதித்த அத்தனை நிறுவனங்களில் ஒருவரும் வராத வீட்டுக்கு, விறகு வெட்டித் தண்ணீர் இறைத்துக் கொடுக்க வந்த ஒரே ஆள் திருடன். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. சிரிப்பு மூட்டத்தான் உட்கார்ந்தேன்; வரவில்லை.

கண்டுபிடித்தது எப்படி? ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்பவர் போஸ்ட்கிரெஸ் நிரலின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று உறுத்தியது. கிளறினார், மார்ச் 29-ல் உலகுக்குச் சொன்னார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது யார் தெரியுமா? மைக்ரோசாஃப்ட். போஸ்ட்கிரெஸ்ஸில் வேலை பார்க்கத்தான் கொடுத்தது. ஆக, உலகம் தப்பித்தது, கட்டற்ற மென்பொருளுக்கு ஒருவர் மாதச் சம்பளம் வாங்கியதால். காசு வாங்கினால் கறை படியும் என்று பேசுகிற எங்கள் தூய்மைவாதிகள் இதை எந்தப் பக்கம் எழுதுவார்கள்? அதே மைக்ரோசாஃப்டின் ஊழியர் ஒருவர், கோளாறை அவசரமாகச் சரிசெய்யச் சொல்லி எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ நிரலின் தன்னார்வலர்களிடம் போய் நின்றதையும், நீண்டகால ஒப்பந்தம் கேட்டபோது ஒருமுறைத் தொகையாகச் சில ஆயிரம் டாலர் தருவதாகச் சொன்னதையும் அடுத்த மாதமே அந்தத் திட்டத்தினர் பொதுவில் போட்டு உடைத்தார்கள். பெரிய இடத்துப் புத்தி மாதச் சம்பளம்போல ஒழுங்காக வருவதில்லை.

ஹார்வர்டில் சிலர் 2024-ல் கணக்குப் போட்டார்கள். பரவலாகப் பயன்படும் திறமூல நிரல்களை ஒரே ஒருமுறை மறுபடி எழுத 415 கோடி டாலர் ஆகுமாம். ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தானே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தால் 8.8 லட்சம் கோடி டாலர். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில்தான் இன்றைய கோடீஸ்வரர்கள் நீச்சல் குளம் கட்டியிருக்கிறார்கள்.

கொடுத்தவர்களும் புனிதர்கள் இல்லை. முதலீட்டாளர் பணத்தில் வளர்ந்த நிறுவனங்கள் ஒரு தந்திரம் கற்றுக்கொண்டன. முதலில் பந்தி திறந்திருக்கும், வாங்க வாங்க. ஊரே வந்து உட்கார்ந்து, பரிமாறவும் கற்றுக்கொண்டு, வேறு சமையல் மறந்துபோன பிறகு கதவு சாத்தப்படும். மாங்கோடிபி 2018, எலாஸ்டிக் 2021, ஹாஷிகார்ப் 2023, ரெடிஸ் 2024. அமேசான் எங்கள் நிரலை வாடகைக்கு விட்டுக் கொழிக்கிறது என்று காரணம் சொன்னார்கள், பொய்யில்லை. ஆனால் ஊதியமில்லாமல் அந்த நிரலைச் செப்பனிட்ட வெளியாட்களுக்குப் பங்கு கொடுத்தீர்களா என்று கேட்டால் இருமல் வருகிறது. எலாஸ்டிக்கும் ரெடிஸும் பின்னால் தலையைச் சொறிந்துகொண்டு கட்டற்ற உரிமத்துக்குத் திரும்பின. ஹாஷிகார்ப் ஐ.பி.எம்.முக்கு விலைபோனது. லினக்ஸ் நிறுவனமான ரெட்ஹாட்டும் 3,400 கோடி டாலருக்கு அதே ஐ.பி.எம். வீட்டுக்கு மருமகளாகப் போய், 2023-ல் மூலநிரலைப் பார்க்க வேண்டுமானால் வாடிக்கையாளராகி வா என்று வாசலை மாற்றிக்கொண்டது.

இந்தக் கூத்தில் கட்டியங்காரன் வேடம் வேர்ட்பிரஸ்ஸுக்கு. உலகின் இணையதளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அதில் ஓடுகின்றன. 2024 செப்டம்பரில் அதன் நிறுவனர்களில் ஒருவரான மாட் மல்லன்வெக், அதே நிரலை வைத்துச் சம்பாதித்த டபிள்யூபி எஞ்சின் என்ற நிறுவனத்தின் மேல் பாய்ந்தார். எடுக்கிறார்கள், திருப்பித் தருவதில்லை, வருமானத்தில் 8 சதவீதம் வை என்றார். அவர்களைத் திட்ட உலகத்து மொழிகளையெல்லாம் துழாவி ஒரு சொல்லை எடுத்தார்: புற்றுநோய். பால்மர் வைத்துவிட்டுப் போன அதே சொல்! அன்று மூடிவைத்தவர் திறந்துவைத்தவரைப் பார்த்துச் சொன்னது, இன்று திறந்துவைத்தவர் எடுத்துக்கொண்டவரைப் பார்த்துச் சொல்வது. சொல் மாறவில்லை, நாற்காலிதான் மாறியது. இவர் மட்டும் என்ன, 2003-ல் இன்னொருவர் எழுதிக் கைவிட்ட நிரலை எடுத்து, அதே உரிமத்தின் தயவில்தானே வேர்ட்பிரஸ்ஸைத் தொடங்கினார். எட்டு சதவீதம் யாருக்கு அனுப்பினார்?

பிறகு வேர்ட்பிரஸ் திட்டத்தின் தளத்தில் நுழையும் எல்லோரும் "எனக்கும் டபிள்யூபி எஞ்சினுக்கும் ஒட்டுறவு இல்லை" என்று ஒரு சிறு கட்டத்துக்குள் குறியிட வேண்டும் என்று வைத்தார். டிசம்பரில் நீதிமன்றம் அதை எடுக்கச் சொன்னது. எடுத்தார். அதே இடத்தில் "பீட்ஸாவில் அன்னாசிப்பழம் சுவையானது" என்று குறியிட்டால்தான் உள்ளே விடுவோம் என்று வைத்தார். உலகின் இணையதளங்களில் பாதியை நெருங்குகிற கூட்டத்தின் தலைவர், மனிதர்களே. எங்கள் ஊர் பஞ்சாயத்துத் தலைவர் தண்ணீர்க் குழாயைப் பூட்டி வைத்தபோதுகூட அன்னாசிப்பழம் பற்றிக் கேட்கவில்லை.

அறம் பேசியவர்களும் முயன்று பார்த்தார்கள். டக்ளஸ் கிராக்ஃபோர்ட் தன் நிரலின் உரிமத்தில் "நல்லதற்கு மட்டும் பயன்படுத்து, கெட்டதற்கு அல்ல" என்று ஒரு வரி சேர்த்தார். ஐ.பி.எம். வழக்கறிஞர்கள் அவரை அணுகி, எங்கள் வாடிக்கையாளர்கள் என்ன செய்வார்களோ எங்களுக்குத் தெரியாது என்று கெட்டதற்கும் தனி அனுமதி கேட்டு வாங்கிப் போனார்கள். இது நான் கட்டியது இல்லை. அவரே மேடையில் சொன்னது. 2018-ல் லெர்னா என்ற கருவிக்காரர்கள், குடியேறிகளைப் பிடித்து அடைக்கும் அமெரிக்கத் துறைக்கு உதவும் நிறுவனங்கள் எங்கள் நிரலைத் தொடக் கூடாது என்றார்கள். ஓரிரு நாளில் வரியை எடுக்க வேண்டியதாயிற்று. யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்பதுதான் ஆதி விதியாம், அரசியலைக் கலக்கக் கூடாதாம். நல்லது. அப்படியானால் 2024 அக்டோபரில் லினக்ஸ் கருநிரலின் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து ரஷ்யர்கள் ஏறக்குறைய ஒரு டஜன் பேரை அமெரிக்கத் தடைச் சட்டத்துக்குப் பயந்து அழித்தீர்களே, அது சமையல் குறிப்பா? லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், நான் ஃபின்லாந்துக்காரன், ரஷ்ய ஆக்கிரமிப்பை ஆதரிப்பேன் என்று நினைத்தீர்களா என்று சீறினார். அவர் கோபத்தோடு எனக்குப் பேதம் இல்லை. வாஷிங்டன் கருவூலம் சொன்னால் அது இணக்கம், தன்னார்வலன் சொன்னால் அது அரசியல் என்கிறார்களே, அங்கேதான் எரிகிறது.

எங்கள் பந்தலுக்கும் வருகிறேன், விட்டுவிட முடியாது. செப்டம்பர் மாதம் மென்பொருள் விடுதலை நாள் கொண்டாடுவோம். சுண்டல் உண்டு. 'லினக்ஸ்' என்று சொன்னவனைப் பிடித்து, "குனு/லினக்ஸ் என்று சொல்" என்று அரை மணி நேரம் பாடம் எடுப்போம். அதைச் செய்கிறவர் அடுத்த திங்கட்கிழமை காலை கம்பெனி மடிக்கணினியில் விண்டோஸைத் திறப்பார். அவர் குற்றமில்லை, கடன் தவணை இருக்கிறது. "இந்தக் கருவியை வைத்துச் சம்பாதிக்க வழி உண்டா?" என்று ஒரு கல்லூரி மாணவன் எழுந்து கேட்டால்தான் எங்களுக்கு முகம் சுளிக்கிறது. ஊதியம் கேட்பது கொள்கைத் துரோகம். அந்தப் பையன் பேசாமல் போய், மூலநிரலைப் பூட்டிவைக்கிற கம்பெனியில் சேர்ந்துவிடுகிறான். அவனைத் துரத்தியது முதலாளித்துவம் என்று அடுத்த கூட்டத்தில் பேசுகிறோம்.

தமிழ் சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம். "தமிழுக்குச் செய்யறதுக்குக் காசு கேக்கலாமாங்க?" எழுத்துரு, எழுத்துப்பிழை திருத்தி, மொழிபெயர்ப்பு, அகராதி, எல்லாம் தொண்டு. இருபத்தைந்து வருடமாகக் கணினித் தமிழ் பெரும்பாலும் சிலரின் தூக்கத்தில் ஓடுகிறது. விழா நடத்த மண்டபத்துக்குக் காசு உண்டு, நிழற்படக்காரருக்கு உண்டு, மைக் செட்டுக்கு உண்டு. நிரல் எழுதியவனுக்குப் பொன்னாடை. என்னிடம் பதினொன்று இருக்கின்றன. அடகுக் கடைக்காரர் வாங்க மாட்டேன் என்கிறார்.

நானும் ஒரு சிறு கருவி வைத்திருக்கிறேன். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழை ஒருங்குறிக்கு மாற்றும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். போன மார்கழியில் ஒரு ராத்திரி மின்னஞ்சல் வந்தது. ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். "தங்கள் நிரலால் எங்கள் வாடிக்கையாளர் பட்டியலில் ஸ்ரீனிவாசன்கள் கிடைப்பதில்லை. உற்பத்திச் சூழலில் சிக்கல். இன்றைக்குள் சரிசெய்யவும்." ஸ்ரீயை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுதலாம். வழக்கமான 'ஸ'வில் தொடங்கி ஒன்று, பிற்பாடு சேர்ந்த 'ஶ'வில் தொடங்கி ஒன்று. கண்ணுக்கு இரண்டும் ஒரே ஸ்ரீ, கணினிக்கு அண்ணன் தம்பிகூட இல்லை. இரண்டு நாள் வேலை. பதினைந்தாயிரம் ரூபாய் ஆகும் என்று எழுதினேன்.

மறுநாள் போன் வந்தது. "சார், இது ஓப்பன் சோர்ஸ்தானே?"

"ஆமாம்மா. எடுத்து நீங்களே திருத்திக்கலாம்."

"எங்க டீமுக்கு டைம் இல்ல சார். இதுக்குன்னு பட்ஜெட் ஹெட்டும் கிடையாது. ஆனா எங்க ஃபவுண்டருக்கு கம்யூனிட்டின்னா உயிர். நீங்க அவர் பேச்சைக் கேட்டிருப்பீங்களே, போன மாசம் ஹோட்டல்ல?"

கேட்டிருந்தேன்.

ஸ்ரீனிவாசன்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று இரண்டு நாள் கழித்துத் திருத்தத்தை ஏற்றிவிட்டேன். புத்தியில்லை என்று என் மனைவி சொன்னாள். பொங்கலுக்கு முந்தின நாள் கூரியர் வந்தது. உள்ளே கம்பெனி சின்னம் போட்ட டி-ஷர்ட், 'ஐ லவ் ஓப்பன் சோர்ஸ்' என்று தமிழிலேயே அச்சடித்து, அளவு எனக்கல்ல, என் மகளுக்கு. கூடவே நன்றி அட்டை. என் பெயரில் இருக்கிற ஸ்ரீயின் இடத்தில் இரண்டு கட்டம் விழுந்திருந்தது. கையெழுத்துப் போடப் போனேன்.

"சார், இது டூ-பே" என்றார் கூரியர்க்காரர். "தொண்ணூறு ரூபா."